சுற்றுவழி எத்தனை மணி? - பேரிடரும் சாலைகளும்: வாசகர் கேள்வி பதில்

சாலை, பாலம், வெள்ளம், மண்சரிவு பற்றி வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, பதில் சொல்லத்தக்க வடிவில் இங்கே தருகிறோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் அரசூர் அருகே சென்னை-திருச்சி தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் ஓடியது. ஒரே இடத்தில் ஓடிய தண்ணீருக்கு எத்தனையோ மாவட்டத்து வண்டிகள் நின்றன. ஆய்வாளர்கள் சொல்லும் ‘சாலை வலைப்பின்னலின் பலவீனம்’ என்பது இதுதானா?
- வாசகர், விழுப்புரம்

இதுதான். ஒரு பாலத்தைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்கலாம். இது விழுமா என்பது ஒன்று. விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குக் கம்பியும் கான்கிரீட்டும் பதில் சொல்லும். இரண்டாவதற்கு வரைபடத்தை எடுக்க வேண்டும். வெகுகாலம் முதல் கேள்வியை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் ஹான்ஷின் உயர்மட்ட விரைவுச்சாலை 635 மீட்டர் நீளத்துக்கு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. அந்தத் தடம் முழுதாகத் திறக்க 1996 செப்டம்பர் இறுதி ஆகிவிட்டது. அதன் பிறகுதான் இரண்டாவது கேள்வி தனி ஆய்வுத்துறையாக வளர்ந்தது. 2002இல் ஸ்வீடனின் கத்யா பெர்டிகா இதற்கு ஒரு வரையறை கொடுத்தார். ஏதோ ஒரு சம்பவத்தால் சாலையின் ‘பயன்படும் தன்மை’ கணிசமாகக் குறைந்துபோகக்கூடிய நிலையே பலவீனம் என்பது அதன் சாரம். சாலை உடைய வேண்டும் என்பதில்லை. பயன்படாமல் போனாலே போதும். அரசூர் இந்த வரையறைக்குள் அப்படியே அடங்கும்.

கணக்கு எப்படிப் போகும் என்பதற்குக் கற்பனையான இரண்டு சாலைகளை எடுத்துக்கொள்வோம். முதல் சாலையில் நாளைக்கு 10,000 வண்டி. அது அடைபட்டால் சுற்றுவழியில் ஒவ்வொன்றுக்கும் 6 நிமிடம் கூடுதல். மொத்தம் 60,000 நிமிடம், அதாவது 1,000 வண்டி-மணி. இரண்டாவது, மலையடிவாரத்துச் சாலை. நாளைக்கு 400 வண்டிதான். ஆனால் சுற்றிப் போக இரண்டரை மணி கூடுதல். அதுவும் 60,000 நிமிடம், அதே 1,000 வண்டி-மணி. தாளில் இரண்டும் சமம். ஊரில் சமமா? நகரத்தில் 6 நிமிடத்தை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். மலையடிவாரத்தில் பால் கெடும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக மாட்டார்கள், டயாலிசிஸ் நோயாளி ஒரு முறை சிகிச்சையைத் தவறவிடுவார். அதனால்தான் ஸ்வீடன் சாலைகளை ஆராய்ந்த எரிக் யெனீலியஸும் உடன் எழுதியவர்களும் 2006இல் இதை இரண்டு அளவுகளாகப் பிரித்தார்கள். ஒரு சாலைத்துண்டு மொத்தப் போக்குவரத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது ஒன்று. ஒரு பகுதி மக்கள் எவ்வளவு தூரம் அகப்பட்டுக்கொள்வார்கள் என்பது மற்றொன்று. முதல் அளவில் நகரச் சாலைகள் முந்தும், இரண்டாவதில் வண்டி குறைந்த ஒற்றைச் சாலைகள் முந்தும். ஒரே பட்டியலை வைத்துப் பணம் ஒதுக்கினால் யாருக்குக் கிடைக்காது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறக் குன்னூர் வழி, கோத்தகிரி வழி என்று இரண்டு சாலை இருக்கிறது. ஒன்று அடைபட்டால் மற்றொன்று. இது போதுமான பாதுகாப்பு அல்லவா?
- வாசகர், கோத்தகிரி

சாதாரண நாளுக்குப் போதும். ஒரு லாரி கவிழ்ந்தால், ஒரு மரம் விழுந்தால் மாற்றுவழி கைகொடுக்கும். மழைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இரண்டு சாலையும் ஒரே மலைச்சரிவில், ஒரே மழை மேகத்தின் கீழ் ஏறுகின்றன. 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாள்களுக்குள் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட மழை ஒரு சாலையை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் தொடாது. இரண்டு சாலையும் தனித்தனிக் காரணத்தால் நூற்றுக்கு 5 நாள் அடைபடும் என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து அடைபடுவது பத்தாயிரத்தில் 25 நாள். காரணம் ஒன்றாகவே இருந்தால் அது நூற்றுக்கு 5 நாளை நெருங்கிவிடும், அதாவது இருபது மடங்கு. பழைய ஆய்வுகள் ஒரு நேரத்தில் ஒரு சாலைத்துண்டை மட்டும் வரைபடத்திலிருந்து எடுத்துப் பார்த்தன. இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2012 வாக்கில் யெனீலியஸும் அவரோடு எழுதிய மாட்சனும் வரைபடத்தின் மேல் கட்டம் போட்டு, ஒரு கட்டத்துக்குள் வரும் எல்லாச் சாலைகளையும் ஒரே நேரத்தில் அடைத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

இரண்டாவது சிக்கல், மாற்றுவழியால் தாங்க முடியுமா என்பது. போக்குவரத்துத் திட்டமிடுவோர் பல பத்தாண்டுகளாகப் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் உண்டு. வண்டி எண்ணிக்கையைச் சாலையின் கொள்ளளவால் வகுத்து, அதன் நான்காம் அடுக்கை எடுத்து, 0.15ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டு. வருவது, பயண நேரம் எத்தனை மடங்காகும் என்ற விடை. கொள்ளளவு முழுதும் நிரம்பினால் 1.15 மடங்கு, ஒன்றரைப் பங்கு ஏறினால் 1.76, இரண்டு பங்கு ஏறினால் 3.4. ஒரு மணி நேரச் சாலை மூன்றரை மணி நேரச் சாலையாகிவிடும். கொண்டை ஊசி வளைவில் இரண்டு பஸ் எதிரெதிரே மாட்டிக்கொள்வதை இந்தச் சூத்திரம் கணக்கில் எடுப்பதில்லை. மலைச் சாலையில் நிஜம் இதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

நியூசிலாந்தின் கைக்கோரா நிலநடுக்கம் இதற்கு நல்ல பாடம். 2016 நவம்பர் 14 அன்று கடலோரமாகப் போகும் முதலாம் எண் தேசிய நெடுஞ்சாலை மண்சரிவில் மூடியது. திறந்தது 2017 டிசம்பர் 15 அன்று. இடைப்பட்ட பதின்மூன்று மாதமும் கனரக வண்டிகள் உள்நாட்டு மலைவழியில் திரும்பின. அத்தனை லாரிகளுக்காகப் போட்ட சாலை அல்ல அது. தளம் நைந்தது, சிறு பாலங்களைப் பலப்படுத்த வேண்டி வந்தது. எனவே மாற்றுவழியைச் சரிபார்க்கும்போது இரண்டு எண்ணைக் கேளுங்கள்: அதிலுள்ள மிகப் பலவீனமான பாலம் எத்தனை டன் தாங்கும்? மிகக் குறுகிய வளைவில் எத்தனை மீட்டர் நீள வண்டி திரும்பும்? சாலையின் மற்ற பகுதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த இரண்டு எண்ணைத் தாண்டி ஒரு வண்டியும் போகாது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையில் பாலம் நின்றது, பாலத்தில் ஏறும் சாலைதான் அறுத்துக்கொண்டு போனது. பாலத்தைக் கட்டத் தெரிந்தவர்களுக்கு அந்தப் பத்திருபது மீட்டர் தெரியாதா?
- வாசகர், ஏரல் அருகே

கோபம் நியாயம். ஆனால் பெரும்பாலான வெள்ளத்தில் அறுவது அந்த இடம்தான். அதற்குக் காரணங்கள் உண்டு.

பாலத்தின் கண்கள் வழியாகப் போக வேண்டிய தண்ணீர் கண்களின் அளவை மீறினால், இருபுறமும் உள்ள அணுகுசாலையின் மண்மேடு அணையாகிவிடுகிறது. அணைக்கு வேண்டிய களிமண் உள்ளீடோ கலிங்கோ அதற்குக் கிடையாது. மேல்பக்கம் தண்ணீர் ஏறி, சாலையைத் தாண்டி வழிகிறது. அப்போது அரிப்பு தொடங்குவது தண்ணீர் மோதும் பக்கத்தில் அல்ல, விழும் பக்கத்தில். கீழ்ச்சரிவின் அடி முதலில் கரையும். பிறகு படிப்படியாக மேலே ஏறி, தாருக்கு அடியில் குகை விழும். தார் மட்டும் பலகைபோல் தொங்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் சாலை நன்றாகத் தெரியும். தண்ணீர் வடிந்த மறுநாள் வண்டிகள் உள்ளே போவது இப்படித்தான்.

அடுத்தது, கல்லும் மண்ணும் சேரும் இடம். பாலத்தின் முனையைக் கரையில் தாங்கும் கரைச்சுவர் அசையாது. அதன் பின்னால் கொட்டிய மண் அமுங்கும். பாலத்தில் ஏறும்போது வண்டி தூக்கிப் போடுகிறதல்லவா, அந்தப் பள்ளத்தில் மழைநீர் நிற்கும், விரிசலில் இறங்கும், உள்ளிருக்கும் நுண்மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கரைச்சுவரிலிருந்து பக்கவாட்டில் விரியும் சிறகுச்சுவரின் ஓரமாக வெளியே கொண்டுபோகும். வெள்ளம் வருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

மூன்றாவது, அஸ்திவாரக் கணக்கு. ஆற்று மணல் வெள்ளத்தில் எவ்வளவு ஆழம் அரிக்கும் என்பதைச் சராசரி அரிப்பு ஆழம் என்று கணக்கிடுவார்கள். அது உச்ச வெள்ள மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கப்படுவது. சாலைப் பொறியியல் விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி நட்டாற்றுத் தூணுக்கு அதன் 2 மடங்கு ஆழம் அரிக்கும் என்று கொள்ள வேண்டும். அணுகுசாலையின் மண் பின்னால் இருக்கும் கரைச்சுவருக்கு 1.27 மடங்கு போதும். சராசரி 5 மீட்டர் என்றால் தூணுக்கு 10 மீட்டர், கரைச்சுவருக்கு ஆறரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. பின்னாலிருக்கும் மண் போய்விட்டால்? சுற்றிலும் தண்ணீர் ஓடத் தொடங்கிய கணமே அது கரைச்சுவர் அல்ல, நட்டாற்றுத் தூண். அதற்கும் 2 மடங்கு அரிப்பு வரும். அஸ்திவாரமோ குறைந்த ஆழத்துக்குப் போட்டது. அணுகுசாலை அறுந்ததும் பாலத்தின் முதல் கண் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள், காரணம் இதுதான். பாலம் கட்டிய பிறகு மணல் அள்ளியதால் ஆற்றுப்படுகை 2 மீட்டர் இறங்கியிருந்தால், அஸ்திவாரத்தைச் சுற்றிய மண்பிடிப்பில் அந்த 2 மீட்டர் வெள்ளம் வரும் முன்பே காணாமல் போயிருக்கும்.

செய்யத்தக்கவை: கரைச்சுவரையொட்டிய சரிவில் கல் பதிக்கும்போது கல்லுக்கு அடியில் வடிகட்டிப் படலம் வேண்டும். பொடிஜல்லி அடுக்கு அல்லது வடிகட்டித் துணி. அது இல்லாமல் பெரிய கல்லை மட்டும் அடுக்கினால் கல்லிடுக்கு வழியாக மண்ணைத் தண்ணீர் உறிஞ்சிவிடும். கல் அப்படியே இருக்கும், உள்ளே பொந்து விழும். சரிவின் அடியில் படுகைக்குக் கீழே இறங்கும் கால்சுவர் வேண்டும், இல்லையென்றால் கடைசிக் கல் நழுவியதும் மேலே உள்ளவை சீட்டுக்கட்டுபோல் சரியும். சுவரில் உள்ள நீர்க்கசிவுத் துளைகளை மழைக்கு முன் கம்பி விட்டுக் குத்திப் பார்க்க வேண்டும். இன்னொரு உத்தி உண்டு, நம் பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. பாலத்திலிருந்து நூறு, இருநூறு மீட்டர் தள்ளி, சாலையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே அரை மீட்டர் தாழ்த்தி, மேற்பரப்பிலும் சரிவிலும் கான்கிரீட் போட்டுவிடுவது. பெருவெள்ளம் முதலில் அங்கே வழியும். சில மணி நேரம் போக்குவரத்து நிற்கும், பாலம் தப்பும்.

எங்கள் ஊர்ச் சாலையில் ஓடை குறுக்கிடும் இடத்தில் 60 செ.மீ. குழாய் இரண்டு போட்டிருக்கிறார்கள். பலத்த மழை பெய்தால் சாலை அறுந்துவிடுகிறது. இன்னும் இரண்டு குழாய் சேர்த்தால் சரியாகுமா?
- ஊராட்சி உறுப்பினர், தருமபுரி மாவட்டம்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஓடைக்குத் தண்ணீர் வரும் பரப்பு 50 ஹெக்டேர் என்று வைப்போம். மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை; அதில் 60 சதவீதம் ஓடி வருகிறது. ஐந்து லட்சம் சதுர மீட்டரை 0.1 மீட்டரால் பெருக்கினால் 50,000 கன மீட்டர். 60 சதவீதம் 30,000. அதை 3,600 விநாடியால் வகுத்தால் விநாடிக்கு 8.3 கன மீட்டர். உங்கள் குழாயின் வாய்ப்பரப்பு 0.28 சதுர மீட்டர். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் ஒரு குழாயில் 0.57, இரண்டிலும் சேர்த்து 1.1 கன மீட்டர். வருவதில் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. நான்கு குழாய் ஆக்கினாலும் கால் பங்குதான்.

ஒரு மீட்டர் குழாய் என்றால் ஒன்றுக்கு 1.57 கன மீட்டர் வீதம் ஆறு வேண்டும். ஆனால் குழாய்களை வரிசையாக அடுக்குவது ஓடைக்கு நல்லதல்ல. இரண்டு குழாய்க்கு நடுவே இருக்கும் முகப்பில் சீமைக்கருவேல மட்டை ஒன்று சிக்கினால் போதும், அதன் மேல் தட்டை, பிளாஸ்டிக், வைக்கோல் என்று சேர்ந்து அரை மணியில் முகம் மூடிவிடும். அதே தண்ணீருக்கு 3 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரமுள்ள ஒரே பெட்டிவடிவச் சிறுபாலம் போதும்: நாலரை சதுர மீட்டர், விநாடிக்கு 9 கன மீட்டர். நடுவில் தடை இல்லை, ஆள் உள்ளே குனிந்து போய் மண் அள்ளலாம். ஒரு மீட்டருக்குக் குறைந்த குழாயில் மண் அடைத்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள். ‘தூர்வாரினோம்’ என்று எழுதுவது வாயை மட்டும்தான்.

பரப்பையும் மழை வேகத்தையும் உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். பரப்பை உயரக்கோடுகள் உள்ள வரைபடத்தில் மேட்டு விளிம்பைப் பார்த்து அளக்கலாம். மழை வேகத்தை நாள் மழையிலிருந்து எடுக்காதீர்கள். நாளில் 150 மி.மீ. என்பதை 24ஆல் வகுத்தால் மணிக்கு 6 மி.மீ. வரும், சிறிய ஓடையை உடைப்பது அந்த நாளின் மிகக் கனமான அரை மணி.

கட்டும்போது மூன்று இடத்தைக் கவனியுங்கள். வெளிவாயில் கீழே கான்கிரீட் தளமும், அதன் முனையில் ஒரு மீட்டருக்கு மேல் மண்ணுக்குள் இறங்கும் குறுக்குச்சுவரும் வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் விழும் குழி பின்னோக்கி வளர்ந்து பாலத்தின் அடியைத் தின்னும். குழாய்தான் போடுகிறார்கள் என்றால், அதன் மேல் குறைந்தது 60 செ.மீ. மண் இருக்க வேண்டும், கரும்பு லாரி ஏறினால் குழாய் நொறுங்காமலிருக்க. உள்வாய்க்குச் சில மீட்டர் முன்னால் செங்குத்தாக நாலைந்து இரும்புக் கழி நட்டு, குப்பையை அங்கேயே பிடியுங்கள். வாயில் வலை கட்டாதீர்கள், வலையே அடைப்பு.

சிவில் இறுதியாண்டு. ஒரு மாவட்டத்தின் சாலை வலைப்பின்னலை எடுத்து ஆய்வுத்திட்டம் செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது?
- மாணவி, சேலம்

இலவசமாகக் கிடைக்கும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத் தரவிலிருந்து தொடங்குங்கள். பைத்தான் தெரிந்தால் ஓஎஸ்எம்என்எக்ஸ் நூலகம் நேரடியாக வலைப்பின்னலாக இறக்கித் தரும். தெரியாவிட்டால் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதும். மாவட்ட எல்லையோடு வெட்டாதீர்கள். சுற்றுவழி பக்கத்து மாவட்டம் வழியாகப் போகும். எல்லையில் வெட்டினால் இல்லாத துண்டிப்பெல்லாம் தெரியும். எல்லைக்கு வெளியே 30 முதல் 50 கி.மீ. சேர்த்து எடுத்து, முடிவை மட்டும் மாவட்டத்துக்குள் காட்டுங்கள்.

அடுத்த ஒரு வாரம் சுத்தம் செய்யும் வேலை, இதில் அவசரப்பட்டால் மீதியெல்லாம் வீண். ஒன்றையொன்று தொட வேண்டிய இரண்டு கோடுகள் அரை மீட்டர் விலகி நின்றால் கணினிக்கு அங்கே சந்திப்பே இல்லை. மேம்பாலமும் கீழே போகும் சாலையும் குறுக்கிடும் புள்ளியைச் சந்திப்பாக எடுத்துக்கொண்டால், இல்லாத வழி முளைக்கும். தரைப்பாலங்கள் பெரும்பாலும் தனியாகக் குறிக்கப்பட்டிருக்காது. ஆற்றுக்கோடும் சாலைக்கோடும் வெட்டும் இடங்களை எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பிறகு ஊர்களிலிருந்து மருத்துவமனை, சந்தை, தாலுகா தலைநகர் ஆகியவற்றுக்கான பயண நேரத்தைக் கணக்கிட்டு, ஒவ்வொரு சாலைத்துண்டாக நீக்கி மறுபடி கணக்கிடுங்கள். எல்லாத் துண்டையும் நீக்கத் தேவையில்லை. எந்த ஊருக்கான மிக விரைவான வழியிலும் வராத துண்டை நீக்கினால் எதுவும் மாறாது, அவற்றை முதலிலேயே ஒதுக்கினால் கணக்கு நேரம் வெகுவாகக் குறையும். நீக்கியதும் ஊர் முழுவதும் துண்டிக்கப்படும் துண்டுகள் சில வரும். அவற்றுக்குப் பயண நேரம் முடிவிலி. பலர் இங்கே 9,999 என்று ஏதோ ஒரு எண்ணைப் போட்டுச் சராசரி எடுத்துவிடுகிறார்கள். அந்தச் சராசரிக்குப் பொருளே இல்லை. துண்டிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், தாமதப்பட்டவர்களுக்கு எத்தனை மணி என்று இரண்டு தனிப் பத்தியில் காட்டுங்கள்.

எந்தத் துண்டு எத்தனை மிக விரைவான வழிகளில் வருகிறது என்று எண்ணும் ‘இடைநிலை மையத்தன்மை’ என்ற அளவை மட்டும் வைத்துக் கட்டுரை முடிப்பவர்கள் நிறையப் பேர். அதற்கு ஆள்தொகையும் தெரியாது, வெள்ளமும் தெரியாது. வரைபடத்தின் நடுவில் இருக்கும் சாலைக்கு பெரும்பாலும் அதிக மதிப்பெண் தரும்.

வெள்ளத்தைச் சேர்க்கும்போது ஒரு எச்சரிக்கை. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் இலவசமாகக் கிடைக்கும் நில உயரத் தரவில் செங்குத்துப் பிழை சில மீட்டர் வரை வரும். சாலை மூழ்குமா என்பதைத் தீர்மானிப்பது அரை மீட்டர். எனவே அந்தத் தரவைக் கொண்டு ‘இந்தச் சாலை 40 செ.மீ. மூழ்கும்’ என்று எழுதினால் தேர்வாளர் கிழித்துவிடுவார், கிழிக்கவும் வேண்டும். முன்பு மூழ்கிய இடங்களின் பட்டியலை நெடுஞ்சாலைப் பிரிவு அலுவலகத்திலும் பஸ் ஓட்டுநர்களிடமும் கேட்டு வாங்குவது மேல். மலைப்பகுதி என்றால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் 1:50,000 அளவிலான நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் இருக்கிறது.

மலையகத்தில் மழை தொடங்கினால் எந்த நேரமும் வீதி மூடப்படலாம். புறப்படுவதா, இருப்பதா என்று நாங்களே தீர்மானிக்க ஏதாவது அளவு உண்டா?
- வாசகர், ஹட்டன், இலங்கை

உங்கள் நாட்டுத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனமே அளவு வைத்திருக்கிறது: 24 மணி நேரத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் எச்சரிக்கை, 150 தாண்டினாலோ ஒரு மணியில் 75 பெய்தாலோ வெளியேற்றம். உலகெங்கும் நடந்த சரிவுகளைத் தொகுத்து நெல் கெய்ன் என்ற ஆய்வாளர் 1980இல் வகுத்த கீழ்வரம்பும் இதையொட்டியே இருக்கிறது: 10 மணி நேரத்துக்கு ஏறத்தாழ 60 மி.மீ., 24 மணி நேரத்துக்கு 103 மி.மீ. இது கீழ்வரம்பு. தாண்டினால் சரிவு நிச்சயம் என்று பொருளல்ல. தாண்டிய பிறகே அவர் தொகுத்த சரிவுகள் நடந்திருக்கின்றன என்றுதான் பொருள். ஒரு வாரமாக நனைந்த மண்ணுக்கு இதைவிடக் குறைந்த மழையே போதும்.

மழைமானி இல்லாவிட்டால் நேர்ச்சுவர்ப் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, அதையே கவிழ்த்துப் புனலாக வையுங்கள். அடிவளைவு மூடும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தைச் சுழியம் என்று குறித்து, அங்கிருந்து மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டுங்கள். கூரை, மரம் ஆகியவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். வீதியில் பார்க்க வேண்டியவை: தடுப்புச்சுவரின் வயிறு தள்ளுவது, சாலையில் வளைந்த விரிசல், வழக்கமாகக் கசியும் ஊற்று திடீரென நிற்பது அல்லது கலங்கி வருவது. கடைசியது தெரிந்தால் காத்திருக்காதீர்கள்.

பேரிடருக்குப் பிறகு எந்தச் சாலையை முதலில் திறக்க வேண்டும் என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்? வி.ஐ.பி. வரும் வழிதான் முதலில் சரியாகிறது.
- வாசகர், கோவை

அதுவும் நடக்கிறது! ஆய்வு என்ன சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறோம்.

அதிக வண்டி ஓடும் துண்டை முதலில் சரிசெய் என்பது இயல்பாகத் தோன்றும் விதி. பலமுறை தவறான விதி. ஓர் ஊருக்குப் போகும் ஒரே வழியில் மூன்று இடத்தில் உடைப்பு என்றால், இரண்டைச் சரிசெய்தாலும் பயன் பூஜ்யம். மூன்றாவது முடியும்போதுதான் முழுப் பயனும் ஒரேயடியாக வரும். அதனால் துண்டு துண்டாக மதிப்பெண் போடாமல், வழி வழியாகப் போட வேண்டும். சரிசெய்யும் இயந்திரமே அந்தச் சாலையில்தான் போக வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவில் சூரல்மலைப் பாலம் போனதும் முண்டக்கை அக்கரையில் தனித்து நின்றது. மண்ணைத் தோண்ட இயந்திரம் அக்கரைக்குப் போனால்தான் மற்ற எல்லாம். ராணுவத்தின் மெட்ராஸ் பொறியியல் படைப்பிரிவு 190 அடி நீளத்தில், 24 டன் தாங்கும் பெய்லி பாலத்தை (இரும்புச் சட்டங்களைப் பூட்டி விரைவாக எழுப்புவது) ஆகஸ்ட் 1 அன்று முடித்தது. அந்த 24 டன்தான் முக்கியம்: சிறிய நடைபாலம் இன்னும் சீக்கிரம் போட்டிருக்கலாம், ஆனால் மண் அள்ளும் இயந்திரம் அதில் ஏறாது.

நிரந்தரச் சீரமைப்புக்கு வேறொரு பாடம். 1994 ஜனவரி 17 நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸின் சாண்டா மோனிகா நெடுஞ்சாலைப் பாலங்கள் விழுந்தன. ஒப்பந்தத்தில் கெடுவுக்கு முன் முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் பரிசு, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அதே தொகை அபராதம் என்று எழுதினார்கள். 66 நாளில், கெடுவுக்கு 74 நாள் முன்பாகவே முடிந்தது. அந்தப் பரிசுத்தொகையைக் குருட்டாம்போக்கில் வைத்தால் வீண்செலவு. சாலை மூடியிருப்பதால் ஊருக்கு ஒரு நாளைக்கு ஆகும் நஷ்டம் தெரிந்திருந்தால்தான் நியாயமான தொகை வைக்க முடியும். முதல் பதிலில் பார்த்த வண்டி-மணிக் கணக்கு பயன்படுவது இங்கேதான்.

இந்தத் துறையில் இப்போது என்ன புதிது? செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதா?
- வாசகர், பெங்களூரு

வந்துவிட்டது, பாதி வேலைக்கு உதவுகிறது. அதற்கு முன் உருப்படியான மாற்றம் ஒன்று: ஒரு பாலம், ஓர் ஊர் என்றிருந்த கணக்கு உலக அளவுக்குப் போயிருக்கிறது. 2019இல் எல்கோ காக்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் உலகின் சாலை, ரயில் பாதைகள் அனைத்தையும் பேரிடர் வரைபடங்களோடு பொருத்திப் பார்த்தார்கள். சுமார் 27 சதவீதம் ஏதாவது ஒரு பேரிடரின் வாயில் இருக்கிறது. ஆண்டுச் சேதத்தில் ஏறத்தாழ 73 சதவீதம் வெள்ளத்தால். நிலநடுக்கத்தில் பிறந்த ஆய்வுத்துறை, கடைசியில் தண்ணீருக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்று, ‘நூறாண்டு வெள்ளம்’ என்ற சொல்லை விடாப்பிடியாகச் சந்தேகிப்பது. நூறு ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும் என்று அதற்குப் பொருளல்ல. ஒவ்வோர் ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்று பொருள். 30 ஆண்டுக்குள் ஒரு முறையாவது வருவதற்கு 26 சதவீத வாய்ப்பு. அந்தக் கணக்கும் பழைய மழைப் பதிவை நம்பியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்த பிறகு, பழைய பதிவை மட்டும் வைத்துத் தென்மாவட்டங்களில் பாலக் கண்ணின் அகலத்தை முடிவு செய்வது சரியல்ல.

செயற்கை நுண்ணறிவு பற்றிய சந்தேகம்: நிலச்சரிவு வாய்ப்பு வரைபடம் போடும் கட்டுரைகள் குவிகின்றன, 90 சதவீதத்துக்கு மேல் துல்லியம் என்கின்றன. பயிற்சிக்குக் கொடுத்த சரிவுப் பதிவு எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். சாலையோரச் சரிவை யாராவது பதிவு செய்வார்கள், காட்டுக்குள் நடந்ததை யாரும் பார்க்க மாட்டார்கள். கணினி கற்றுக்கொள்வது ‘சாலைக்குப் பக்கம் என்றால் சரிவு’ என்பதைத்தான். சோதனைக்கு எடுத்த புள்ளிகளும் பயிற்சிப் புள்ளிகளுக்குப் பக்கத்திலேயே இருந்தால் துல்லியம் தானாக ஏறும். ஒரு பள்ளத்தாக்கில் பயிற்சி, வேறு பள்ளத்தாக்கில் சோதனை என்று செய்த கட்டுரையை மட்டும் நம்புங்கள்.

தரைப்பாலத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடினால் காரில் போகலாம்?
- வாசகர், திருவண்ணாமலை

ஓடும் தண்ணீரில் போகாதீர்கள். நிற்கும் தண்ணீருக்கே ஓர் எல்லை உண்டு. 2017இல் மரியா பிரெக்னோலாட்டோ குழுவினர் நீர் ஆழத்தையும் பாதுகாப்பான வேகத்தையும் இணைத்து வரைந்த கோடு 30 செ.மீ.இல் பூஜ்யத்தைத் தொடுகிறது. காரணம் மிதப்பு. ஒரு டன் எடையுள்ள சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். அடித்தகட்டுக்கு மேல் 17 செ.மீ. தண்ணீர் ஏறினால் இடம்பெயரும் தண்ணீரே ஒரு டன். தரையிலிருந்து அடித்தகடு 17 செ.மீ. உயரம், ஆக 34 செ.மீ.இல் முழுக் காரும் மிதக்கும். அதற்கு முன்பே டயர்களுக்குத் தரைப்பிடிப்பு குறைந்துவிடும், பக்கவாட்டில் வரும் ஓட்டம் தள்ளிவிடும். 60 செ.மீ. ஓட்டத்தில் பெரிய ஜீப் வகை வண்டிகளும் தப்பாது.

தரைப்பாலத்துக்கு இரு முனையிலும் அளவுக்கம்பம் நட ஊராட்சியே ஏற்பாடு செய்யலாம். 15 செ.மீ. வரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. ஒரு தவறு எல்லா ஊரிலும் நடக்கிறது: கம்பம் நட்ட இடத்துத் தரையைச் சுழியமாக வைத்துவிடுகிறார்கள். பாலத்தின் நடு அதைவிட அரை மீட்டர் தாழ்வாக இருக்கும். கம்பத்தில் 10 செ.மீ. காட்டும்போது நடுவில் 60 செ.மீ. ஓடும். ரசமட்டக் குழாய் பிடித்து, சாலையின் மிகத் தாழ்ந்த புள்ளியைக் கம்பத்துக்குக் கொண்டுவந்து, அதைச் சுழியமாக வையுங்கள்.